சொல்லும் கேள்வியும்
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மும்பையில் வாழும் தமிழராகிய நாம் மேடைப் பேச்சுக்குக் குறை வைத்ததில்லை. பட்டிமன்றம் நடத்துகிறோம், சிறுவர்க்குப் பேச்சுப் போட்டி வைத்துப் பரிசும் வழங்குகிறோம். ஆனால், மேடையை விட்டு இறங்கி இல்லம் சென்றபின் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனையே இன்று யாம் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

திருக்குறளின் வைப்புமுறையை நோக்குங்கள். சொல்வன்மை என்பது 65ஆம் அதிகாரம். அது பொருட்பாலில், அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து நிற்கிறது. இனியவை கூறல் 10ஆம் அதிகாரம்; புறங்கூறாமை 19; பயனில சொல்லாமை 20. இம்மூன்றும் இல்லறவியலைச் சேர்ந்தவை. நாவன்மை நாடாள்வோர்க்குத் துணை. இல்லத்தார்க்கு வேண்டுவதோ இன்சொல் கூறலும், பழி தூற்றாமையும், வீண்சொல் ஒழித்தலுமே. இனியவை கூறல் விருந்தோம்பலை அடுத்து வருவதும் கருதத்தக்கது. விருந்தினர் வந்தால் நம் சொற்களில் தேன் சொட்டுகிறது. அவர் சென்றதும் அத்தேன் எங்கே போகிறது?

இந்நகர வாழ்வு கடுமையானது. விடியலில் மின்தொடர் வண்டியைப் பிடிக்க ஓடுகிறோம். இரவில் களைத்துத் திரும்புகிறோம். வந்ததும், “மின்கட்டணம் கட்டியாயிற்றா? பாடம் படித்தாயிற்றா? மருந்து சாப்பிட்டாயிற்றா?” என்று வினவுகிறோம். “ஆயிற்று” என்னும் விடை வருகிறது. குடும்பத்தின் அன்றைய பேச்சு அவ்வளவில் முடிகிறது. கணக்குக் கேட்டோம், கணக்குப் பெற்றோம். ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்தோமில்லை.

இதனால் மிகுதியும் வருந்துவோர் முதியோர். தந்தையார் மறைந்தபின் தாயாரை ஊரிலிருந்து அழைத்து வருகிறோம். ஊரில் அவருக்குத் திண்ணை இருந்தது, கிணற்றடி இருந்தது, கோயில் வாசல் இருந்தது. எங்கும் பேச ஆளிருந்தது. இங்கே அடுக்குமாடியில் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. அண்டை வீட்டார் பேசுவது மராத்தி அல்லது குசராத்தி. பேரக் குழந்தைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விடை கூறுகின்றனர். மகனோ கைப்பேசியை நோக்கியவாறே உண்கிறான். உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லாத வீட்டில் அந்த அம்மையார் பேச்சுக்கு ஏங்குகிறார்.

அவர் ஒரு நிகழ்ச்சியை மூன்றாம் முறை சொல்லத் தொடங்கும்போது, “இதைத்தான் முன்பே சொல்லிவிட்டாயே, அம்மா!” என்கிறோம். அச்சொல் கதவடைக்கும் சொல். நமக்குத் தெரியாததை அறிவிக்கவா அவர் பேசுகிறார்? தம்மோடு ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்காகவன்றோ பேசுகிறார்! “அப்போது உனக்கு என்ன வயது, அம்மா? உடன் யார் இருந்தார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பழைய நிகழ்ச்சியிலிருந்து நாம் அறியாத செய்திகள் புறப்படும்.

‘கேள்’ என்னும் நம் சொல்லை எண்ணி வியக்கிறோம். அது செவிமடுத்தலைக் குறிக்கும்; வினவுதலைக் குறிக்கும்; உறவையும் குறிக்கும். கேளிர் என்றால் உறவினர். செவிகொடுத்துக் கேட்டு, அன்போடு வினவுகின்றவனே கேளிருள் ஒருவன் என்று கொள்வோமாக.

இனிச் செயலுக்கு உரிய சில கூறுவோம்.

முதலாவது, இரவு உணவின்போது கைப்பேசிகள் வேறோர் அறையில் இருக்கட்டும். கால் மணி நேரமேனும் முகம் பார்த்துப் பேசுவோம்.

இரண்டாவது, சினம் எழுந்தால் செயலைக் குறித்துச் சொல்வோம். ஆளைப் பழிக்க வேண்டா. கணவனும் மனைவியும் “நீங்கள் எப்போதும் இப்படித்தான்”, “நீ எப்போதும் இப்படித்தான்” என்று சொல்லத் தொடங்கினால் பத்தாண்டுப் பழங்கணக்கு வெளிவரும். “நேற்று நேரங்கழித்து வந்தபோது கவலையாக இருந்தது” என்றால் நேற்றைய செய்தி நேற்றோடு தீரும். வருத்தம் தரும் செய்தியைக் கைப்பேசியில் எழுதி அனுப்பாமல் வாயாற் சொல்வது நன்று. எழுத்தில் குரலின் கனிவு தெரிவதில்லை.

மூன்றாவது, குழந்தைகளின் குறைத்தமிழைக் கண்டு நகைத்தல் கூடாது. நகைப்புக்கு அஞ்சிய குழந்தை அடுத்த முறை இந்திக்குத் தாவிவிடும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே இருந்த பாலம் முறியும். குழந்தை தவறாகச் சொன்னதை நாம் திருத்தமாக ஒருமுறை சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தால் போதும். அது தானே பற்றிக்கொள்ளும்.

அண்டை அயலாரையும் மறத்தல் ஆகாது. நாம் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்கிறோம். மராத்தியரும் அவ்வாறே, ‘வருகிறேன்’ என்னும் பொருளில் ஆடவர் ‘யேதோ’ என்றும் பெண்டிர் ‘யேதே’ என்றும் சொல்லியே விடைபெறுவர். பிரிவைச் சொல்ல நாணும் நாகரிகம் இரு மொழியார்க்கும் பொதுவாயிற்று. படிக்கட்டில் எதிர்ப்படும் முதியவரிடம் அவர் மொழியில் இரண்டு சொல் பேசுவோமாயின், சாத்திய கதவுகள் சில திறக்கும். நம் வீட்டு அம்மையார்க்கும் பேச ஒரு துணை கிடைக்கும்.

தமிழ் வளர்க்கச் சங்கம் கண்டோம். அத்தமிழ் மேடையில் முழங்குவதோடு நில்லாமல் நம் வீட்டு அடுக்களையிலும் கூடத்திலும் இன்சொல்லாக வழங்குவதாக. வாழ்க தமிழ்!