ஆற்றுப்படுத்தும் பணிக்கு வாருங்கள்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



பட்டம் பெற்றபின் மேற்கொள்ளத்தக்க தொழில்கள் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆசிரியர், செவிலியர், காவலர், பொறியாளர் ஆகிய பணிகளுக்கு வழிசொல்ல நம் குடியிருப்புகளில் இன்று ஆட்கள் இருக்கின்றனர். இக்கழகம் தோன்றிய நாளில் அந்நிலை இல்லை. ஆகவே அவற்றை விடுத்து, நம்மில் மிகச் சிலரே அடியெடுத்து வைத்துள்ள மனநல ஆலோசகர் பணியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

'கவுன்சிலர்' என்றவுடன் நமக்கு நகர்மன்ற உறுப்பினர் நினைவுக்கு வருவார். 'கவுன்சிலிங்' என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் கலந்தாய்வு நினைவுக்கு வரும். நான் கூறுவது இவ்விரண்டும் அன்று. மனம் கலங்கியவர் ஒருவரின் எதிரே அமர்ந்து, அவர் கூறுவதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவர் தம் சிக்கலைத் தாமே தெளிந்து, தம் முடிவைத் தாமே எடுக்கத் துணைநிற்பவரே மனநல ஆலோசகர். அதற்கெனப் பயிற்சி பெற்றவர் அவர். மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு இல்லை. அது மனநல மருத்துவரின் பணி.

இவரை 'ஆற்றுப்படுத்துநர்' என்றும் தமிழில் வழங்குவர். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவற்றுள் நான்கில், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுகின்றான். வழி கூறுபவன் அரண்மனை அதிகாரி அல்லன். அதே பசியை அறிந்தவன். இத்தொழிலின் புதிய வரலாறும் அத்தகையதே. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையம், உழைக்கும் மக்களின் பிள்ளைகளையும் குடியேறி வந்தோரின் பிள்ளைகளையும் மனத்திற் கொண்டு எழுந்ததாகும்.

நண்பர்களே! நம் பிள்ளைகளுக்கு அறிவுரைக்கு என்றும் பஞ்சமில்லை. மேலிருந்து கூறப்படும் அறிவுரையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். செவிகொடுப்போருக்கே பஞ்சம். உதவித்தொகைப் படிவத்திற்காக ஒரு பகுதி மாணவரை மட்டும் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதை எண்ணிப் பாருங்கள். அன்று எழுந்து நின்ற பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடுகிறது. தாய் கடையில் மாத்திரை வாங்கித் தருகிறாள். பத்து நாள் சென்றபின், 'படிப்பில் நாட்டமில்லை' என்று பள்ளியில் முடிவு கட்டுகின்றனர். அப்பிள்ளையின் வலி எங்கே தொடங்கியது என்று எவரும் கேட்கவில்லை. கேட்பவரும் அவ்வலியை அறியாதவராயின், 'இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே, பழகிக்கொள்' என்பார். அவமானத்தைப் பழகிக்கொள்ளச் சொல்வது ஆலோசனை ஆகாது.

உயர்கல்வியிலும் இதே நிலைதான். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நம் மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டைப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007ஆம் ஆண்டு அறிக்கையாக அளித்தது. நம் மாநிலத்திலோ, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டிற்குள்ளேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்களே. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அறிக்கை வழங்கியது. உடற்காயத்திற்குத் தையலிட அரசு மருத்துவமனை உண்டு. மனக்காயத்திற்கு மருந்திட நம் ஊர்களில் எத்தனை பேர் உளர்?

வாயில் இப்போது திறந்து வருகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று நெறிப்படுத்தியுள்ளது. அந்த நாற்காலியில் யார் அமரப்போகின்றார்கள் என்பதே என் கேள்வி.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறுவது என் கடமை.

முதலாவது, பட்ட துயரம் பட்டம் ஆகாது. 'எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது' என்று தொடங்கித் தன் கதையைக் கூறுபவரிடம், வந்தவர் தம் கதையை நிறுத்திக்கொள்வார். நம் காயம் பிறர் காயத்தை இனங்காண உதவும். அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். எங்கே பேசாதிருப்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பவற்றைக் கற்க வேண்டும். மந்தணம் காப்பதையும், அதை மீற வேண்டிய இடங்களையும் கற்க வேண்டும். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை அத்தகைய இடம். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானதை அறிந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, நாம் நம்மவர்க்கு மட்டும் ஆலோசகர் அல்லோம். அரிவாள் எடுத்த மாணவனும் ஒருநாள் எதிரே வந்து அமரக்கூடும். அவன் செயலை நியாயப்படுத்தாமல், அவனையும் கேட்கும் வலிமை வேண்டும். அது இயலாதெனில் இத்தொழில் இயலாது.

இனி வழிமுறைக்கு வருகின்றேன். மேல்நிலைக் கல்விக்குப்பின் மூன்றாண்டு உளவியல் இளநிலைப் பட்டம், அதன்பின் இரண்டாண்டு முதுநிலை உளவியல் அல்லது ஆலோசனை உளவியல் பட்டம் என்பது நேர்வழி. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கோவை அரசு கலைக் கல்லூரியிலும் உளவியல் பயிலலாம். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் முதுநிலைச் சமூகப்பணி பயின்று, மருத்துவ மனநலப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். 1952இல் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க் போன்ற நிறுவனங்கள் அதற்கு உள்ளன. 'மருத்துவ உளவியலர்' என்று பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தல் கட்டாயம். 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட துணைநிலை மருத்துவப் பணியாளர் சட்டம் ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. ஆதலால் சில வாரப் பயிற்சிச் சான்றிதழை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். உளவியலைத் தொலைநிலைக் கல்வியிலும் இணைய வழியிலும் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025ஆம் ஆண்டு ஆணையிட்டுள்ளதையும் அறிக. வேலை செய்துகொண்டே அஞ்சல் வழியில் பயிலும் ஏழையின் வழி இதனால் அடைபட்டுள்ளது.

அரசு மருத்துவமனைகளின் எச்.ஐ.வி. ஆலோசனை மற்றும் பரிசோதனை மையங்கள், குடும்ப நல நீதிமன்றங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், மகளிருக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், மதுப்பழக்க மீட்பு இல்லங்கள், பள்ளி கல்லூரிகள் ஆகியவற்றில் பணி கிடைக்கும். உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. இவற்றுள் பல ஒப்பந்தப் பணிகள். தொடக்க ஊதியம் குறைவு. 'ஐந்தாண்டு படித்துவிட்டு இதுதானா?' என்று வீட்டார் கேட்பார்கள். அவர்கள் கேள்வி தவறன்று. அவர்கள் வீட்டுக் கடன் அவர்களைக் கேட்க வைக்கிறது. ஆகவே உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதி, முனைவர் ஆய்வுக்கான தேசியக் கல்வி உதவி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பெற்றோரிடம் முன்கூட்டியே எடுத்துரைத்துவிட்டு இறங்குங்கள்.

கழகப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பில் களப்பயிற்சி இன்றியமையாதது. அதற்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரி தடுமாறும் இடம் அதுவே. ஆண்டுதோறும் இருவருக்கேனும் களப்பயிற்சிக் காலத்துப் பயணச் செலவையும் உணவுச் செலவையும் கழகம் ஏற்க வேண்டும். பத்தாண்டில் இருபது ஆலோசகர்கள் உருவாவார்கள். இக்கழகம் கட்டிய வகுப்பறைகளுக்கு ஈடான செல்வம் அது.

அதுவரை காத்திருக்க இயலாத துயரத்தில் எவரேனும் இருப்பின், 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை நம் குடியிருப்புப் படிப்பகங்களின் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இளைஞர்களே! நம் முன்னோர் பள்ளிக்கூட வாயிலைத் திறக்கப் போராடினர். உள்ளே சென்ற பிள்ளை மனமுடைந்து வெளியேறாமல் காப்பது நம் காலத்தின் பணி. அதற்கு உங்களுள் சிலரேனும் முன்வருவீர்கள் என்று நம்புகின்றேன்.