பெயர்த்து நட்ட வீடுகள்



இந்தச் சொற்பொழிவுக்குப் பழைய வீடுகளைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். கோயிலைப் பற்றிப் பேச நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆள் உண்டு. கல்வெட்டைப் பற்றிப் பேசவும் உண்டு. மக்கள் பிறந்து, சமைத்து, பிள்ளை வளர்த்து, மூச்சை விட்ட வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சட்டத்தின் கண்ணும் வெகுகாலம் வேறு பக்கமே இருந்தது. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் பெரும்பாலும் கோயிலுக்கும் கோட்டைக்கும் குகைக்கும்தான் காவல் போட்டன. மரபுக் கட்டடங்களுக்கென்று மாநிலத்தில் ஓர் ஆணையம் வேண்டும் என்ற சட்டம் 2012-ல்தான் வந்தது. ஆனாலும் ஒரு நெசவாளியின் ஓட்டு வீட்டை நாளைக் காலை கடப்பாரை போட்டு இடித்தால் ஏனென்று கேட்க நாதியில்லை.

வீடு அழிந்தால் என்ன போய்விடும் என்று கேட்பவர்களை மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கொற்றவைக்கு எடுத்த சிறு கோயில் அது. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் அதன் கூரையைப் பார்த்தால் கீற்று வேய்ந்த குடிசை என்று குழந்தைகூடச் சொல்லும். பக்கத்தில் பீம ரதத்தின் கூரை வண்டிக் கூண்டு போல நீண்டு வளைந்திருக்கிறது. மூங்கிலை வளைத்துக் கட்டிய கூரையைக் கல்லில் கண்டால் அப்படித்தான் இருக்கும். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி தன் கண்முன் நின்ற குடிசையையும் கொட்டகையையும் பாறையில் செதுக்கிவிட்டுப் போனான். அவன் பார்த்த குடிசைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. மரமும் மூங்கிலும் மண்ணும் போய்விட்டன. அவற்றைப் பார்த்துச் செதுக்கிய கல் மட்டும் நிற்கிறது. அந்தக் குடிசைக்குள் அடுப்பு எங்கே இருந்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று கல் சொல்லாது.

காகிதத்தில் தேடினாலும் ஓரளவுதான் கிடைக்கும். ஆற்காட்டு நவாபு 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த பிறகு, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித் தந்த அந்த விவரங்களில் எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழில்காரர் வீடு எத்தனை என்பது வரை இருக்கிறது. அறிஞர் தரம்பால் இதன் அருமையை எடுத்துச் சொன்னார். மூல ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் மாவட்டம் கொடுத்துவைத்த மாவட்டம். 250 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஆனால் கணக்குதான் இருக்கிறது, வீடு இல்லை.

இந்தப் பின்னணியில்தான் முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வருகிறேன். அமெரிக்காவில் பிறந்து, கலை வரலாறு படித்து, சென்னையில் வாழ்க்கைப்பட்ட டெபோரா தியாகராஜன் 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். மாமல்லபுரத்துச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டுதான். கல்லுக்கு உலகம் காவல் போட்ட ஆண்டில், இங்கே ஒரு பெண்மணி மண்ணுக்கும் மரத்துக்கும் காவல் தேடப் புறப்பட்டார். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1996 டிசம்பர் 14 அன்று தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. 10 ஏக்கர் நிலம். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைப்புக்கு வழிகாட்டினார். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் கூடவே நின்று கட்டினார். தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னகம் முழுவதிலிருந்தும் வந்த 18 வீடுகள் அங்கே இருக்கின்றன.

வந்த வீடுகள் என்று சொன்னேன். அவை பெரும்பாலும் உரிமையாளர்கள் இடிக்கக் கொடுத்துவிட்ட வீடுகள். செட்டிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பராமரிக்க ஒருவராலும் முடியாது, விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் வீடு நிலை நிலையாக, தூண் தூணாக விலைக்குப் போகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தக் கதவுகளையும் விட்டங்களையும் எவரும் போய்ப் பார்க்கலாம். தட்சிணசித்ராவில் நிற்கும் கானாடுகாத்தான் வீடு அந்தத் தெருவுக்குப் போகாமல் தப்பி வந்த வீடு. திருநெல்வேலிச் சீமை ஆம்பூரின் அக்கிரகாரத்து வீடு, தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர் வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி வீடு, கோட்டயம் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று மற்றவையும் இப்படி வந்து சேர்ந்தவைதான்.

ஒரு வீட்டைப் பெயர்ப்பது நாற்றைப் பெயர்த்து நடுவது போன்ற வேலை; வேரில் கொஞ்சம் மண் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முதலில் வீட்டை அளந்து படம் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் எண் எழுத வேண்டும். ஓட்டைப் பிரித்து, கூரையை இறக்கி, நிலைகளைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். மரம் வரும், ஓடு வரும், கல் தூண் வரும். மண் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வராது. அவற்றைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். வீடு எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்துக் கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டிவந்து கட்ட வைத்தது இந்த நிறுவனத்தின் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வேரில் ஒட்டிய மண் அவர்கள்தான். சுண்ணாம்பைப் புளிக்க வைக்கும் பக்குவமும், கடுக்காய் நீர் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்ற அளவும், கேரளத்து மரவீட்டில் ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோக்கும் வித்தையும் எந்தப் படத்திலும் ஏறாது.

நெசவாளி வீட்டைச் சற்று நின்று பாருங்கள். அந்த வீட்டுக்கு எஜமான் தறிதான். குழித்தறி எவ்வளவு இடம் கேட்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில்தான் குடும்பம் புழங்குகிறது. தரையில் குழி, குழிக்குள் கால், கால் மிதிக்க மிதிக்க மேலே புணி திறக்கிறது. பாவு நீளமானது, வீட்டுக்குள் அடங்காது. அதனால் தெருவே பாவு போடும் இடம். காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டிழை விரித்துக்கட்டி அக்கம்பக்கத்தார் சேர்ந்து அதைச் சீர் செய்வார்கள். தறி தெரியாதவருக்கு அந்த வீடு ஓர் இருட்டுக் கூடம். தறியில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டிக்காட்டிய அடுத்த நிமிடமே வீடு புரிந்துவிடும். அருங்காட்சியகத்தின் வேலை இதுதான். வீட்டைப் பாதுகாப்பது பாதி. வீட்டுக்குள் நடந்த வேலையைத் தெரிந்த ஆளை அங்கே உட்காரவைத்து, அவருக்குக் கூலியும் மரியாதையும் கொடுப்பது மறுபாதி.

இந்த எண்ணத்துக்குப் பேர்போன முன்மாதிரி சுவீடனில் இருக்கிறது. ஆர்தர் ஹசேலியஸ் 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். தொழிற்சாலைகள் பெருகி, கிராமத்து வீடுகள் காலியான காலம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அவற்றில் ஆட்களையும் ஆடுமாடுகளையும் குடியேற்றினார். முட்டுக்காடு அந்த வழியில் வந்தது. ஆனால் ஸ்டாக்ஹோமுக்கு இல்லாத ஒரு சோதனை இங்கே உண்டு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் வீடுகள். உப்புக்காற்று ஆணியைத் துருவாக்கும், சுண்ணாம்பைப் பொரித்துத் தள்ளும். கரையான் ஓய்வதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும்; கீற்றுக் கூரையை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேய்ந்தாக வேண்டும். 2016-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்தருகேயே கரை ஏறியது. இந்தக் கடற்கரையில் ஒரு மண் வீட்டை நிறுத்தி வைப்பது ஆண்டு தவறாத போராட்டம்.

அதற்குப் பணம் வேண்டும். நுழைவுச் சீட்டு, கைவினைக் கடை, விருந்தினர் அறை, நிகழ்ச்சிகளுக்கு விடும் இடம், நன்கொடை என்று பல வாய்க்கால்களிலிருந்து நீர் வந்தால்தான் இப்படிப்பட்ட ஓர் இடம் பிழைக்கும். 2020-ல் கொரோனாவுக்காக நாடு பூட்டிக்கிடந்தபோது சீட்டை நம்பிய எல்லா அருங்காட்சியகங்களுக்கும் வருவாய் நின்றது. கரையான் மட்டும் ஊரடங்கைப் பார்க்கவில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், மரபுக் கட்டடங்களைச் சீரமைப்பதையும் கைவினைகளை வளர்ப்பதையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்த்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பெனிகள் புதிதாக ஒன்றைத் திறந்துவைக்க விரும்புகின்றன. ஓடு மாற்றுவதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாதே.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டவர்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்றால், சோழர் காலத்தில் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆடுகளைப் பெற்ற மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டான். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. விளக்கை வாங்கிக் கொடுத்ததோடு தருமம் முடிந்துவிட்டதென்று அவர்கள் நினைக்கவில்லை. நெய்க்கு வழி செய்தார்கள். இந்தச் சொற்பொழிவே ஓர் அறக்கட்டளை முதலின் வட்டியில் நடப்பது. பழைய வீடுகளுக்கும் அப்படி ஒரு முதல் வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒரு கூரைக்கு ஓர் ஊர்ச்சங்கம் என்று அறக்கட்டளை வைத்தால், அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஓடு மாறும்.

அக்கம்பக்கத்து மக்களுக்கு வருகிறேன். வேலியைச் சுற்றியிருக்கும் ஊருக்கு அந்நியமான அருங்காட்சியகம், வெளியூர்க்காரர் வந்து படம் பிடித்துப் போகும் இடமாகிவிடும். முட்டுக்காட்டில் குழந்தைகள் குயவரின் சக்கரத்தில் கைவைத்து மண்ணை எழுப்பப் பார்க்கிறார்கள், எழுவதில்லை, சரிகிறது, குயவர் மேல் அன்றைக்கு அவர்களுக்கு வரும் மதிப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. பொங்கலும் நவராத்திரிக் கொலுவும் அங்கே நடக்கின்றன, தெருக்கூத்தும் நடக்கிறது. இவை நல்லவை. ஆனால் கூத்தாடுபவரும் முடைபவரும் வனைபவரும் வந்து காட்டிவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்களாக மட்டும் இருந்தால் போதாது. எந்த வீட்டில் எதை எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்க வேண்டும். இதே கடற்கரையில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்புத் தோல் வாணிகம் தடைப்பட்டபோது, தங்கள் அறிவை விஷம் எடுக்கும் தொழிலாக மாற்றித் தாங்களே உறுப்பினராக நின்று நடத்துகிறார்கள். அறிவு யாருடையதோ, நிறுவனமும் அவர்களுடையது. வீடுகளைக் காக்கும் எந்த அமைப்பும் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பெயர்த்து நடுவது கடைசி மருந்து. கானாடுகாத்தான் வீடு கானாடுகாத்தானில் நின்றிருந்தால் அதற்கு ஊருணி இருந்திருக்கும், தெரு இருந்திருக்கும், எதிர்வீடு இருந்திருக்கும். முட்டுக்காட்டில் அதற்கு உயிர் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. இருந்த இடத்திலேயே காத்த வீடுகளும் இருக்கின்றன. கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் 2003-ல் வாங்கி அதே தெருவில் காத்து வருகிறது. இலங்கையின் தென்கரையில் கொக்கலவில், இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளத்துக்காக ஊரையே காலி செய்தார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் தப்பியது. 1981-ல் அதை மையமாக வைத்து ஊர்ப்புற வாழ்க்கைக்கு ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. ஊர் போன பிறகும், ஒரு வீடு நின்ற இடத்தில் நின்றதால் ஊரின் நினைவு அங்கே ஒதுங்கியது.

நம் மாவட்டத்தில் அப்படி எதுவும் மிச்சமில்லையா? செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றத்தில், மதுராந்தகத்தில், சதுரங்கப்பட்டினத்தில் தெருக்களில் நடந்து பாருங்கள். திண்ணையும் மரத்தூணும் நாட்டு ஓடுமாக இன்னும் சில வீடுகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் காக்க முடியாது. இருப்பவர்களுக்குக் குளியலறையும் மாடியும் வேண்டும், அது நியாயம். ஆகவே நான் கேட்பது சிறிது. இடிக்க நாள் குறித்துவிட்டவர்கள், அதற்கு முன்னால் சில நாள் அவகாசம் கொடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டை அளக்கச் சொல்லுங்கள். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ஒவ்வோர் இடத்தையும் படமெடுங்கள். வீட்டிலேயே மூத்த பெண்மணியை உட்காரவைத்து, பிரசவம் எந்த அறையில் நடந்தது, நெல் எங்கே கொட்டினார்கள், யாரைத் திண்ணையோடு நிறுத்தினார்கள் என்பது வரை கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவின் ஒரு பிரதியை உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கொடுங்கள். கட்டிய கொத்தனார் வழியில் யாராவது உயிரோடு இருந்தால் அவருடைய பெயரையும் அதில் எழுதுங்கள்.

இந்த வேலையை இந்த ஆண்டே நம் மாவட்டத்தில் தொடங்க வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் முன்வந்தால் முதல் வீட்டை அளக்கும் நாளில் நானும் நாடா பிடிக்க வருகிறேன்.