கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஊரெங்கும் ஒரே காட்சிதான். ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு குட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டி, பள்ளிவிட்டு வரும் பையன் சட்டைக்குள் ஒரு குட்டி. "ராத்திரி மட்டும் இருக்கட்டும்மா" என்று கெஞ்சிக் கொண்டுவந்தது, அந்த வீட்டிலேயே தங்கிவிடும். தங்கட்டும். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே சோபா மூலையை ஆண்டுகொண்டு ஒரு பூனை இருக்கிறதே! வந்த குட்டியை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு, "பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்று சொல்லி, எல்லாரும் செல்போனைப் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பழைய பூனையின் முதுகு வளையும், வால் பருக்கும், ஒரு சீறல், ஒரு பாய்ச்சல். குட்டி பீரோவுக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். இரண்டும் அன்றைக்குச் சாப்பிடாது.

"சண்டை போட்டுத் தானாகச் சரியாயிடும்" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாளே அடிதடியில் தொடங்கிய உறவைப் பூனை எளிதில் மறப்பதில்லை.

காரணம் அதன் பிறவியில் இருக்கிறது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று, தனக்கென ஓர் எல்லை வகுத்து வாழும் விலங்கு. மனிதரோடு அதற்கு நெடுநாள் பழக்கம் உண்டு. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனிதருக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருக்கிறார்கள். ஆனால் மனிதரோடு பழகுவது வேறு, முன்பின் தெரியாத இன்னொரு பூனையோடு பழகுவது வேறு. "மீன் சந்தையில் கூட்டமாகத்தானே திரிகின்றன?" என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவை பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்று உறவுப் பெட்டைகள். வெளியிலிருந்து வரும் பூனைக்கு அங்கேயும் சீறல்தான் வரவேற்பு.

ஆகவே முதல் வேலை, குட்டியை யார் கண்ணிலும் காட்டாமல் நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது. தெள்ளு, காதுப்பூச்சி, குடற்புழு இவையெல்லாம் தீர்க்கக்கூடியவை. அஞ்ச வேண்டியது பான்லூகோபீனியா என்ற பூனைப் பார்வோ நோய்க்கு. தடுப்பூசி போடாத குட்டியைச் சில நாள்களில் கொன்றுவிடும். கிருமி நம் கையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு பழைய பூனையிடம் போகும். வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோய் உள்ளே இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். அந்த இரண்டு வாரம் குட்டி தனி அறையில் இருக்கட்டும். பழைய பூனையின் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. தெருக்குட்டி உங்களையே பிறாண்டிவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவமனையில் மனிதருக்கான வெறிநோய் ஊசி இலவசம்.

தனி அறைக்கு எங்கே போவது, எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு என்பவர்களுக்குக் குளியலறை போதும். உலர்ந்த ஒரு மூலை, ஒரு அட்டைப்பெட்டி, சாப்பாடு, தண்ணீர், எதிர் மூலையில் மணல் தட்டு. குட்டிக்கு முதலில் வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடம். பெட்டியிலிருந்து பிடித்து இழுத்துக் கொஞ்சாதீர்கள்.

இனி மூக்கின் வேலை. பூனைக்கு யார் வீட்டார், யார் அந்நியர் என்பதை முக்கியமாக மூக்குதான் சொல்கிறது. கன்னத்தை மேஜைக் காலிலும் நம் காலிலும் தேய்க்கிறதே, அங்கே உள்ள சுரப்பிகளால் தன் வாசனையைப் பூசிவைக்கிறது. ஒரு பழைய பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தை மெல்லத் துடைத்து, பழைய பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அது படுக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். பிறகு கவனியுங்கள். கழுத்தை நீட்டி முகரும். சில சமயம் மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்கும். ஏதோ நாற்றம் பிடிக்காமல் முகம் சுளிக்கிறது என்று நாம் சிரிப்போம். உண்மையில் மேல் அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு வாசனையை அனுப்பி ஆராய்ந்துகொண்டிருக்கிறது. துணியைப் பார்த்தே சீறினால், ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? துணியை இன்னும் தள்ளிப் போடுங்கள், நாள்களைக் கூட்டுங்கள். துணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறதா, அடுத்த படிக்குப் போகலாம். பழைய பூனையின் வாசனைத் துணியும் இதேபோலக் குட்டியின் அறைக்குப் போக வேண்டும்.

இந்த நாள்களில் பினாயிலைத் தொடாதீர்கள். பூனை பூசிவைத்த வாசனையெல்லாம் போய்விடும் என்பது ஒன்று. கறுப்புப் பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது என்பது அதைவிடப் பெரிது. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கியே நஞ்சை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அடுத்து, மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தட்டு. உப்பில்லாமல் அவித்த நெத்திலி வைத்தால் எந்தப் பூனையும் கதவருகே வரும். மறுபக்கத்து வாசனை வரும் நேரமெல்லாம் வாய்க்கும் ருசியாக ஏதோ கிடைக்கிறது என்று பதிய வேண்டும். அதன்பின் குட்டியைக் கூடத்திலும் பழையதைக் குட்டியின் அறையிலும் சிறிது நேரம் இடம் மாற்றி விடுங்கள். கண்ணால் பார்க்கவிடுவது இதற்கெல்லாம் பிறகுதான். நம் வீடுகளில் அதற்கு வசதியாகக் கொசுவலைக் கதவு இருக்கிறது. நைலான் வலையானால் நகத்தில் கிழிந்துவிடும், கம்பி வலை நல்லது. வலை வழியாகப் பார்த்து ஒரு சீறல் சீறிவிட்டுத் திரும்பிச் சாப்பிட்டால் கவலையில்லை. சீறுவது சண்டையல்ல, கிட்டே வராதே என்கிற எச்சரிக்கை. சத்தமே இல்லாமல் உடம்பு விறைக்க வைத்தகண் வாங்காமல் முறைத்தால்தான் ஆபத்து. உடனே கதவைச் சாத்துங்கள். மீறிக் கட்டிப் புரண்டுவிட்டால் கையை விட்டுப் பிரிக்காதீர்கள். நடுவே ஒரு தலையணையையோ அட்டையையோ நுழைத்தால் போதும்.

நாய் இருக்கும் வீட்டில் கணக்கு வேறு. நாய்க்குப் பூனைமேல் பகை என்பதைவிட, ஓடுவதைத் துரத்தும் ஆசை என்பதே சரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்றவை வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். அவற்றிடம் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாக நடக்கவைத்து, களைத்த பிறகு, கயிற்றில் பிடித்து உட்காரவைத்துத்தான் பூனையைக் காட்ட வேண்டும். பூனைக்கு ஏறிக்கொள்ளப் பரணோ அலமாரியோ இருக்க வேண்டும். குரைக்கும் நாயைவிட, குரைக்காமல் உறைந்து நின்று பார்க்கும் நாயைப் பற்றித்தான் நான் பயப்படுவேன். வாலும் ஒரு குழப்பம். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி, பூனை வாலை விசிறி அடித்தால் எரிச்சல். பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால்தான் நட்பு. இன்னொன்று, நாயின் முதுகில் உண்ணிக்காக விடும் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பாதகமில்லை, பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம். அந்த மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது. நாய்க்கு விட்ட நாளில் பூனையை அதன்மேல் படுக்கவிடவும் கூடாது.

லவ் பேர்ட்ஸ், கிளி வளர்ப்பவர்களுக்குச் சமரசமே கிடையாது. கூண்டு தனி அறையில், கதவு சாத்தி. பூனையின் பல்லோ நகமோ லேசாகப் பட்டாலும், அதிலுள்ள கிருமி சின்னப் பறவையை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும்.

எத்தனை நாள் ஆகும்? குட்டியென்றால் சில வாரம். வளர்ந்த இரண்டு பூனைகளென்றால் மாதங்கள் ஆகலாம். அதற்குள் இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். கருத்தடை செய்யாத கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் தெளித்து எல்லை குறிக்கத் தொடங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். மணல் தட்டு பூனைக்கு ஒன்று, அதற்குமேல் ஒன்று. இரண்டு பூனைக்கு மூன்று, அதுவும் வெவ்வேறு இடத்தில். ஒன்று வழிமறித்து உட்கார்ந்தாலும் மற்றது அவசரத்துக்குப் போக வேண்டாமா?

கடைசியில் இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். படத்தில் அழகாக இருக்கும், எல்லா வீட்டிலும் நடக்காது. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாகத் தூங்கினாலே எனக்கு அது முழு வெற்றி.

இத்தனை மாற்றத்தில் பழைய பூனையின் உடம்பையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால், குறிப்பாகப் பருத்த பூனையென்றால், கல்லீரல் கெடத் தொடங்கும். மனஅழுத்தத்தில் கடுவன்களுக்கு மூத்திரப்பாதை அடைத்துக்கொள்வதும் உண்டு. அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் நேரமில்லை. ராத்திரி பத்து மணியானாலும் மருத்துவரைத் தேடிக் கிளம்பிவிடுங்கள்.