தாய் வீட்டுக்கு வந்த மீன்



இன்று ஒரு மீனின் கதையைச் சொல்லப் போகிறேன். இது குழம்பு வைக்கிற மீன் இல்லை. நம் டவுன் பஸ் நீளம் இருக்கும். 40 அடியும், அதற்கு மேலும் வளரும். உலகத்திலேயே பெரிய மீன் இதுதான். இதன் பெயர் திமிங்கலச் சுறா.

பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். திமிங்கலம் குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு. அது மீன் இல்லை. இதுவோ சுறா மீன். உடம்பு பெரியது என்பதால் திமிங்கலத்தின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். முதுகு முழுவதும் வெள்ளைப் புள்ளி. கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல இருக்கும்.

சுறா என்றால் ஆளைக் கடிக்கும் என்று நினைப்போம். இது கடிக்காது. பெரிய வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்தும். தண்ணீரோடு சேர்த்துச் சிறு மீன்களையும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன உயிர்களையும் விழுங்கும். தண்ணீரைச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். பரம சாது.

சாதுவாக இருந்ததே அதற்கு வினையாகிவிட்டது.

நம் நாட்டின் மேற்குக் கரையில் குஜராத் மாநிலம் இருக்கிறது. அங்கே வேராவல், போர்பந்தர், ஓகா என்று மீன்பிடி ஊர்கள் உண்டு. அந்தக் கடலுக்கு இந்த மீன் ஆண்டுதோறும் வரும். மீனவர்கள் பெரிய கொக்கியால் அதைக் குத்துவார்கள். கொக்கிக் கயிற்றில் காலி பீப்பாய்களைக் கட்டி விடுவார்கள். பீப்பாய் மிதக்கும். மீனால் ஆழத்துக்குப் போக முடியாது. இழுத்து இழுத்துக் களைத்துப் போகும். பிறகு கரைக்கு இழுத்து வருவார்கள். அதனால் அந்த மீனுக்கே 'பேரல்' என்று பெயர் வந்துவிட்டது. பேரல் என்றால் பீப்பாய்.

முன்பெல்லாம் அதன் ஈரலுக்காகத்தான் பிடித்தார்கள். ஈரல் எண்ணெயை மரப் படகுக்குப் பூசினால் படகில் தண்ணீர் ஊறாது. 1990களில் வெளிநாட்டு வியாபாரம் வந்தது. தைவான் போன்ற இடங்களில் இதன் கறிக்கு நல்ல விலை. வேட்டை வேகமானது. மைக் பாண்டே என்பவர் இந்த வேட்டையைப் படம் பிடித்தார். 2000ஆம் ஆண்டில் அந்தப் படம் வெளிவந்தது. பார்த்தவர்கள் பதறினார்கள்.

மே 2001இல் அரசு சட்டம் கொண்டு வந்தது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு இந்த மீனுக்கும். நம் நாட்டில் இப்படிப் பாதுகாப்புப் பெற்ற முதல் மீன் இதுதான். கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறாவையும் எல்லாத் திருக்கையையும் பிடிக்கக் கூடாது என்று அரசு சொன்னது. கடலோர மக்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்களுக்குச் சுறாவும் திருக்கையும் சோறு அல்லவா? கடைசியில் டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. 10 வகைக்கு மட்டும் தடை என்று மாற்றியது. பிழைப்பவனைக் கேட்காமல் போடும் சட்டம் இப்படித்தான் முட்டி நிற்கும்.

சரி, திமிங்கலச் சுறாவுக்குத் தடை நின்றது. ஆனால் அந்தச் செய்தி கரைக்குப் போய்ச் சேர்ந்ததா? இல்லை. இது எந்த மீன், இதற்கு என்ன சட்டம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

2004இல் வனத்துறையும், இந்திய வனவிலங்கு அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனமும், டாடா கெமிக்கல்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். காற்று அடைத்த பெரிய பொம்மை மீனைக் கொண்டு போனார்கள். அசல் மீன் அளவு பொம்மை. பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தார்கள். தெரு நாடகமும் போட்டார்கள்.

மொராரி பாபு என்பவர் அங்கே ராமகதை சொல்வதில் பெரிய பேர் பெற்றவர். அவர் பேசினால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அவர் சட்டம் பேசவில்லை, சிறை பேசவில்லை. இந்த மீன் நம் வீட்டு மகள் என்றார். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற மகளை யாராவது கொல்வார்களா என்று கேட்டார்.

அக்காமார்களே, இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. மீனவர் வீட்டுப் பெண்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த மீன் உண்மையில் பிரசவத்துக்குத்தான் அங்கே வருகிறதா என்று அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அது வேறு விஷயம். ஆனால் மீனுக்குப் பெயரே மாறிவிட்டது. பேரல் போய் 'வாலி' வந்தது. ராமாயணத்து வாலி இல்லை. குஜராத்தி மொழியில் செல்லமானவள் என்று அர்த்தம்.

இனி வலைக்கு வருவோம். வேண்டுமென்று பிடிப்பது நின்றாலும், வேறு மீனுக்கு விரித்த வலையில் இது வந்து சிக்கிக்கொள்ளும். வலையை அறுத்தால்தான் மீன் பிழைக்கும். வலை என்ன சும்மாவா வருகிறது? கடன் வாங்கிப் போட்ட வலை. மகள் என்று சொல்லியாகிவிட்டது. மகளுக்காக முதலை இழக்கும் தகப்பனுக்கு யார் கைகொடுப்பது?

வனத்துறை முன்வந்தது. அறுத்த வலைக்கு 25,000 ரூபாய் வரை கொடுத்தது. முதலில் அதிகாரி கடலுக்கு வந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் வரும்வரை மீன் மணிக்கணக்கில் வலைக்குள் தவிக்கும். பிறகு மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். வலையை அறு, மீனை விடு, படம் எடு. அந்தப் படமே சாட்சி. மீனவன் சொல்லை நம்பியதால் வந்த வசதி இது. பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை 900க்கும் அதிகமான திமிங்கலச் சுறாக்களைக் குஜராத் மீனவர்கள் இப்படி விட்டிருக்கிறார்கள். குத்திக் கொன்ற அதே ஊர்க்காரர்கள்தான்.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் இடிக்கிறது. வலைக்குப் பணம் வரும். புது வலை வரும்வரை கடலுக்குப் போகாத நாளுக்கு? அந்த நாள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா கையைத் தூக்குகிறார்கள். சொல்லுங்கள் அக்கா.