செய்தியாகாத உழைப்பும் பாராட்டும்

பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் முதல் பயணி ரயில் ஓடியது. அதன் நினைவாகக் கொண்டாடப்படும் ரயில்வே வாரத்தையொட்டிச் சிறந்த ஊழியர்களுக்கு விருதுகள் வழங்கப்படுகின்றன. தண்டவாள முறிவைக் கண்டறிந்து, செங்கொடி காட்டி ரயிலை நிறுத்திய கீமேன் சிறப்பிக்கப்படுவதுண்டு. அது முற்றிலும் நியாயமே.

எனினும், இங்குக் கூடியுள்ள மாணவரும் அதிகாரிகளும் மற்றொரு கீமேனையும் எண்ணிப் பார்ப்பது நலம். நாள்தோறும் தம் பகுதி முழுவதையும் நடந்தே கண்காணித்து, தளர்ந்த பிடிப்புகளை இறுக்கி, பழுதைத் தொடக்கத்திலேயே களைபவர் அவர். அவர் பகுதியில் விபத்து ஏதும் நேர்வதில்லை. ஆகவே பரிந்துரைக் கோப்பில் எழுதுவதற்கும் எதுவும் இருப்பதில்லை! குளிரில் தண்டவாளம் சுருங்கி முறியக்கூடும் என்பதறிந்து, பனி விலகுமுன் புறப்படுபவரின் கவனத்தை எந்தப் படிவம் அளக்கும்?

உடனடி மேற்பார்வையாளரால் அது இயலும்; அவரும் அப்பாதையில் நடந்து பார்த்தவராக இருத்தல் வேண்டும். இன்ன பணி நன்கு செய்யப்பட்டது என்று அவ்வாரமே சக ஊழியர் முன்னிலையில் கூறுவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அதையே பணிப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்து வைப்பாரானால், அடுத்த ஆண்டு விருதுக்குப் பெயர்கள் கோரப்படும்போது கோப்பில் எழுதுவதற்கும் ஏதேனும் இருக்கும்.