வில்லையில் இல்லை, பீங்கானில் இருக்கிறது



நாற்பது தாண்டிய எங்களில் பலருக்கும் பிரஷர், கொலஸ்ட்ரோல் பேச்சுத்தான். இரத்தக் குழாயின் உட்சுவரில் கெட்ட கொழுப்பு ஒட்சியேறும்போது, படிவு உண்டாகி வழி ஒடுங்குகிறது. ஒட்சியேற்ற எதிரி இதைத் தடுக்கும் என்று நம்பி, 9,500க்கும் அதிகமானோரைச் சேர்த்து, பாதிப்பேருக்கு விற்றமின் ஈ வில்லையை நாலரை வருடமளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை.

ஆனால் மரக்கறியும் பழமும் நிறைய உண்போரிடம் இந்நோய்கள் குறைவு. நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வைத்தியர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம். நாமாக வாங்கும் சத்து வில்லைக் காசு கொய்யாவுக்கும் வல்லாரைக்கும் போகட்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய ஆணத்தோடு சோற்றை முடிக்கும் எங்கள் பீங்கானிலும், அட்டாளைச்சேனை வளவு முருங்கையின் இலைச் சுண்டலுக்கு ஒரு பங்கு இருக்கட்டும்.