ஈரத் துணியும் இரண்டு வெப்பமானிகளும்



காலையில் கொடியில் போட்ட வேட்டி மாலைக்குள் காயவில்லை என்றால் வீட்டில் என்ன சொல்வோம்? "காத்துல ஒரே ஈரம்" என்போம். முப்பத்திரண்டு வருடம் அந்த ஈரத்தை அளப்பதுதான் என் வேலை. கடலோர வானிலை நிலையம் ஒன்றில் அப்சர்வராக இருந்தேன். இந்தியாவின் வானத்தில் அந்த ஈரம் காலப்போக்கில் எப்படி மாறிவருகிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கருவியைக் காட்டிவிடுகிறேன். வெயில் நேரே படாதபடி சட்டம் வைத்த வெள்ளை மரப்பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் மஸ்லின் துணி கட்டி, அதிலிருந்து ஒரு திரி சின்னக் குப்பித் தண்ணீரில் இறங்கியிருக்கும். அகல்விளக்கில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தண்ணீர் ஏறித் துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் காற்றில் உலர உலரக் குமிழ் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே? காற்று வறண்டிருந்தால் நன்றாகக் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் குளிராது. இரண்டு வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையைப் பார்த்தால், ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐப்பசி அடைமழையில் எங்கள் நிலையத்தில் வித்தியாசம் அரை டிகிரிகூட இருக்காது. கத்திரி வெயிலில் மேல்காற்று வீசும் பகலில் பத்து டிகிரியைத் தாண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு அந்தத் துணியில் படியும் என்பதால் அடிக்கடி மாற்றச் சொல்வார்கள். நான் இரண்டு வாரம் மாற்றாமல் விட்டுவிட்டேன். ஒரு நாள் காலை எட்டரை மணிக் கணக்கு எடுக்கும்போது மூத்த அப்சர்வர் கூட வந்தார். நகத்தால் துணியைத் தட்டிப் பார்த்தார். உப்புப் பூத்து, அப்பளம்போல விறைத்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் புதுத் துணியைக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் ஈரக்குமிழ் ஒரு டிகிரி இறங்கி நின்றது. இரண்டு வாரமாகக் காற்றில் இல்லாத ஈரத்தைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன்! "தம்பி, நீ எழுதுற எண்ணை நூறு வருசம் கழிச்சு ஒருத்தன் எடுத்துக் கூட்டிப் பார்ப்பான்" என்றார். குறிப்புப் பத்தியில் துணி மாற்றிய தேதியை என் கையாலேயே எழுதவைத்தார்.

அந்த ஒரு டிகிரி எவ்வளவு பெரிசு தெரியுமா? 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறியிருப்பதே சுமார் 0.7 டிகிரிதான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இப்படி மெல்ல மெல்லச் சேர்கிற ஈரத்தைத்தான் கணக்கில் தேடுகிறோம். ஒரு பழைய துணி போதும், தேடுவதையே மறைத்துவிட.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அன்னா மாணி அவர்கள் நினைவுக்கு வருவார்கள். பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, 1948இல் புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தவர். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களை வகுத்து, அவற்றை இங்கேயே செய்யவைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

தரைக் கணக்கு இது. மேல்வானத்துக்குப் பலூன் விடுவோம், காலையும் மாலையும். டிபன் டப்பா அளவு பெட்டி ஒன்று அதில் தொங்கும்; போகிற வழியெல்லாம் சூட்டையும் ஈரத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். முப்பது கிலோமீட்டர் உயரம் போய் பலூன் வெடிக்கும். பெட்டியின் மாடலை மாற்றினால் கணக்கில் திடீரென்று ஒரு படி விழும். வானத்தில் ஒன்றும் நடந்திருக்காது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். பொறுமையான வேலை, அவர்களுக்குக் கைகூப்ப வேண்டும்.

கழித்த பிறகும் ஈரம் கூடியிருப்பதுதான் தெரிகிறது. ஒரு காரணம் கடல்: 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. பஞ்சாப், ஹரியானா, கங்கைச் சமவெளியில் வாய்க்காலும் போர்வெல்லும் வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. பகல் சூடு அங்கே கொஞ்சம் தணியும், ஆனால் புழுக்கம் ஏறும். வேர்வை உலராவிட்டால் உடம்பு எப்படிக் குளிரும்? வயலில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணும் அந்த ஈரக்குமிழ் மாதிரிதான், நேயர்களே.

ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றலாம். லடாக்கின் ஹான்லேயில், குளிர்காலத்து வறண்ட நாளில், தலைக்கு மேல் உள்ள நீராவி முழுவதையும் தண்ணீராக்கினால் 2 மில்லிமீட்டர் தேறுவதே அபூர்வம். அங்கே தொலைநோக்கி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சென்னையில் மழைக்காலத்தில் 5 சென்டிமீட்டர், மூன்று விரற்கடை இருக்கும். அப்படியானால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் எங்கிருந்து கொட்டியது? குழாய்க்கடியில் வைத்த குடம்போலத்தான். ஊர் மேல் இருக்கிற ஈரம் பெய்யப் பெய்ய, காற்று கடலிலிருந்து கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. கடல் சூடாகச் சூடாகக் குழாயில் வரத்தும் கூடும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். செயற்கைக்கோளைப் பற்றிப் பேச முடியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் யாராவது இரண்டு வெப்பமானி, ஒரு திரி, ஒரு குப்பி நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு, தினமும் காலை எட்டரைக்கு ஒரு நோட்டில் எழுத ஆரம்பிப்பீர்கள் என்று நம்புகிறேன். துணி மாற்றிய தேதியையும் அதிலேயே எழுதிவையுங்கள்.